இராசமணியக்காவின் தண்ணித் தாங்கி

இராசமணியக்காவை நான் முதலில் கண்டது பார்க்டேலில், எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குள். அவர் கையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கான் இருந்தது. லிஃப்ட் முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம். நான் கனடாவுக்கு வந்து ஒரு குளிர்காலத்தைக்கூட முழுதாகக் கண்டிருக்கவில்லை. ஆனாலும் என் வாய் சும்மா கிடக்கிற வாய் இல்லை.

"என்னக்கா, இஞ்சயும் விளக்குக் கொளுத்திறியளோ?" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கறண்ட் போற அண்டைக்கு நீதான் வந்து என்ட கதவத் தட்டுவாய் கா," என்றார். பெண்களைக் 'கா' போட்டுக் கூப்பிடுகிற மட்டக்களப்புப் பேச்சு.

அது எண்பத்து நாலாம் ஆண்டு. டொரன்டோவில் கறண்ட் போய்விடும் என்று பயந்துகொண்டு படுத்த ஒரே மனுசி அவராகத்தான் இருக்க வேண்டும். கட்டிலுக்குக் கீழே மண்ணெண்ணெய் கான்கள், பல்கனி அலுமாரிக்குள் கரி மூட்டை, குளியலறைத் தட்டில் மெழுகுதிரி. உடுப்பு வைக்க இடமில்லாமல் அவருடைய கணவர் வீரக்குட்டி அண்ணை தன்னுடைய இரண்டு களிசானையும் கதவுக்குப் பின்னால் ஆணியில் கொழுவி வைத்திருந்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். மனைவி சொன்னால் சரி என்று போய்விடுவார். அதற்குக் காரணம் பயம் என்று நான் நினைத்தேன். காரணம் வேறு என்று பிறகுதான் தெரிந்தது.

நானும் அக்காவும் ஒரே ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்தோம். பெரிய பெரிய படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடிக்கிற வேலை. முகத்துக்கு முகம் பார்த்தபடி நாள் முழுக்க நின்றால் எந்தக் கல்லும் வாய் திறக்கும். அப்படித்தான் ஒரு நாள் எழுபத்தெட்டுச் சூறாவளியைப் பற்றிச் சொன்னார்.

அவர்களுடைய வீடு மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்தது. காற்று அடித்து ஓய்ந்தபோது கூரை இல்லை, றோட்டு இல்லை. றோட்டெல்லாம் தென்னை மரம் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தது. நனைந்து விறைத்துப்போன நாலு வயது மகள் நாயகிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வாவிக்கு அந்தப் பக்கம். மாமாங்கம் என்கிற மீன்காரர் தன்னுடைய வள்ளத்தைக் கொண்டுவந்தார். வள்ளம் நல்ல வள்ளம், எஞ்சினும் பழுதில்லை. ஆனால் அந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின். வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். எல்லாருடைய தகரங்களும் வெள்ளத்தோடு மிதந்து போயிருந்தன. கடைசியில் வீரக்குட்டி அண்ணையும் மாமாங்கமும் கம்பு ஊன்றி வள்ளத்தைத் தள்ளினார்கள். வாவியின் நடுவில் பிள்ளை அடங்கிவிட்டது.

"ஒரு போத்தல் கா," என்றார் அக்கா. விரிப்பின் முனையை என் கையில் தந்துவிட்டு மற்ற விரிப்பை எடுத்தார். "ஒரு போத்தல் எண்ணெய் இரிந்திரிந்தா என்ட புள்ள பள்ளிக்கூடம் போயிரிக்கும்."

அதற்குப் பிறகு நான் அந்த நீலக் கானைப் பற்றிப் பகிடி விடவில்லை.

அந்தச் சூறாவளிக்குப் பிறகு அவர் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே பாட்டுத்தான் பாடினாராம். வீட்டில் ஒரு தகரம் நிறைய எண்ணெய் வையுங்கள், தொடாதீர்கள், ஆபத்துக்கு வேண்டும். கொழும்பில் வெள்ளவத்தையில் கலியாணம் கட்டியிருந்த தங்கச்சி தவமலரிடம் போகிறபோதெல்லாம் குசினிக்குள் நுழைந்து தகரத்தைத் தட்டிப் பார்ப்பாராம். தங்கச்சி சிரித்துக்கொண்டே நிரப்பி வைப்பாளாம்.

எங்கள் கட்டடத்து சூப்பரின்டென்டன் றொபேட் நல்ல மனிதன். ஆனால் நெருப்புப் பாதுகாப்புச் சோதனைக்கு ஆட்கள் வரப்போகிறார்கள் என்று வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தவன், அக்காவின் கட்டிலுக்குக் கீழே குனிந்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையிலேயே இருந்துவிட்டான். கான்கள் போக வேண்டும் அல்லது நீங்கள் போக வேண்டும் என்றான். புத்தியுள்ளவள் கான்களைக் கொட்டியிருப்பாள். இராசமணியக்கா வீடு தேடத் தொடங்கினார்.

அப்போது எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக டொரன்டோவுக்கு வெளியே அஜக்ஸ் பக்கம் போகத் தொடங்கிய காலம். வீடு மலிவு, றோட்டு நீளம். அவர்களுக்குக் கிடைத்தது பழைய செங்கல் வீடு ஒன்று. அதைக் காட்டிய ஏஜன்டுக்கு ஒரு வெட்கம். கூடப்போயிருந்த எனக்கு அவன் முகம் இன்னும் நினைவிருக்கிறது. "இந்தத் தெருவில் எல்லாரும் காஸுக்கு மாறிவிட்டார்கள், இந்த வீடு மட்டும் இன்னும் எண்ணெயில்தான் சூடாகிறது, குறை நினைக்காதீர்கள்," என்று பேஸ்மென்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே சுவரோரம் நாலு காலில் ஒரு பெரிய இரும்புத் தாங்கி நின்றது. ஒரு கறுத்த எருமை படுக்கையறைக்குள் வந்து நிற்பதுபோல இருந்தது. அக்கா கிட்டப் போய் அதன் வயிற்றில் கையை வைத்தார்.

"எத்தின போத்தல் பிடிக்குமெண்டு கேளு கா," என்றார் என்னிடம்.

போத்தல் கணக்கை நான் எப்படி இங்கிலிஸில் கேட்பது? நான் கேட்டதும் ஏஜன்ட் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். ஆனால் வீடு அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. குசினியையும் அறைகளையும் அக்கா பிறகுதான் பார்த்தார்.

குடிபோன கையோடு வீரக்குட்டி அண்ணையைக் கொண்டு தாங்கியின் அடியில் ஒரு திருகு பைப் பூட்டுவித்தார். கறண்ட் போனால், சூடாக்குகிற மெசின் நின்றுபோனால், பைப்பைத் திறந்து எண்ணெயை எடுத்து அடுப்பு மூட்டலாம் அல்லவா? எண்ணெய் கொண்டுவந்து ஊற்றுகிறவன் அதைக் கண்டுவிட்டு, இது அடுப்புக்கும் விளக்குக்கும் ஆகிற எண்ணெய் இல்லை, இந்தப் பைப்பும் ஆபத்து என்று சொல்லிப் பார்த்தான். "எரியிறதெல்லாம் எண்ணெய்தான்," என்று அக்கா தமிழிலேயே பதில் சொல்லி அனுப்பிவிட்டார். பைப் எப்போதும் மெல்லக் கசியும். கீழே ஒரு பால்மாத் தகரம் வைத்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை நான் அங்கே போயிருந்தேன். துணி காயப் போடப் பேஸ்மென்டுக்கு இறங்கினேன். அக்கா தாங்கியில் காதை வைத்து, விரலால் தட்டித் தட்டி மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிற்பதைக் காணவில்லை.

"முழுசா இரிக்கு புள்ள," என்றார் தாங்கியைப் பார்த்து. "இனிப் பயப்படாத."

வந்த சத்தம் காட்டாமல் ஈரத்துணியோடு திரும்பி மேலே ஏறினேன்.

தவமலர் வந்தது எண்பத்தேழாம் ஆண்டு வசந்தத்தில். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கப்பலில் யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து இந்தியா போய், மண்டபம் முகாமிலும் மதராசிலும் அலைந்து, கடைசியில் அக்காவின் பொறுப்பில் வந்தாள். கணவர் நவரட்ணம் உயிரோடு இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். எப்படி என்பதை அவள் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. மெலிந்த, சிரித்த முகமான பெண். பகிடிக்குப் பகிடி சொல்வாள். எனக்கு அவளைக் கண்ட நாளே பிடித்துவிட்டது.

வந்த இரண்டாம் நாள் நான் பார்க்கப் போயிருந்தேன். மூவரும் குசினி மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு ஒரே புளுகம், அவ்வளவு சந்தோசம். தேத்தண்ணி முடிந்ததும் தங்கச்சியைக் கீழே கூட்டிப்போய்த் தாங்கியைக் காட்டப் போகிறார் என்று அவருடைய கண்ணிலேயே தெரிந்தது. அப்போதுதான் தவமலர், சீனி போதும் என்று சொல்கிற அதே குரலில், அதைச் சொன்னாள்.

"அண்டைக்கு வந்தவங்கள் வெறுங்கையோடதான் வந்தவங்கள் அக்கா. குசினிக்குள்ள போய்த்தான் எங்கட தகரத்தைக் கண்டவங்கள். முழுத் தகரம். அதைத்தான் வீடெல்லாம் ஊத்தினவங்கள். அவர் மேல் அறையில நிண்டவர், இறங்கேலாமப் போச்சு."

குறை சொல்லவில்லை. அக்காவை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. ஆனால் அக்கா தூக்கிய கோப்பையைக் குடிக்காமலே மேசையில் வைத்தார். அந்தத் தகரத்தை வைக்கச் சொன்னது யார், தட்டிப் பார்த்து நிரப்புவித்தது யார் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

தவமலர் கோப்பையைக் கழுவ எழுந்தவள், "கீழ பெரிசா ஒண்டு நிக்குதே, அது என்னக்கா?" என்று கேட்டாள்.

"தண்ணித் தாங்கி," என்றார் அக்கா.

"வீட்டுக்குள்ளயோ?"

"நம்மட ஊரில கூரைக்கு மேல வைக்கிறம். இஞ்ச மேல வெச்சா உறைஞ்சு போகும். அதான் கீழ."

எவ்வளவு நியாயமான பொய் பாருங்கள். எங்கள் ஊரிலிருந்து வந்த எவளும் அதை நம்புவாள். தவமலரும் நம்பினாள். சூடாக்கும் மெசின் எதில் ஓடுகிறது என்று புதிதாக வந்தவர்கள் எங்கே ஆராய்கிறார்கள்? சுவரில் ஒரு பொத்தானைத் திருகினால் சூடு வருகிறது, கறண்ட்தான் என்று நினைப்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

அன்று திரும்பிப் போகும்போது அக்கா என்னுடைய கோட்டைப் பிடித்தார். "இந்த வருசம் போகட்டும் கா. அவ கொஞ்சம் தேறட்டும். நானே சொல்றன்."

"இப்பவே சொல்லுங்கோ. நாள் போனாப் பொய் முத்திப் போம்," என்றேன். நான் யாழ்ப்பாணத்துக்காரி, எனக்கு வளைத்துப் பேசத் தெரியாது. அக்கா கதவைச் சாத்திவிட்டார்.

கோடை முழுக்க ஒரு வில்லங்கமும் இல்லை. சன்னல்கள் திறந்திருந்தன. குளிர் தொடங்கிச் சன்னல்களைப் பூட்டியதும்தான் தவமலருக்கு மணக்கத் தொடங்கியது.

முதலில் மெல்லத்தான் கேட்டாள். "அக்கா, மண்ணெண்ணெய் மணக்குது, என்ன?" அக்கா இல்லை என்றார். சில நாள் கழித்து மறுபடி கேட்டாள். மறுபடி இல்லை. எண்ணெய் லொறி வரும் நாட்களை அக்கா தங்கச்சியின் இங்கிலிஸ் வகுப்பு நேரமாகப் பார்த்து ஒழுங்குசெய்தார். லொறி வந்து போன பிறகு வீட்டில் ஒரு கிழமைக்கு மணம் நிற்கும். அந்தக் கிழமை தவமலர் சோறு தின்ன மாட்டாள். தலையணையை மோந்து பார்ப்பாள், தன்னுடைய கூந்தலை மோந்து பார்ப்பாள், கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். அக்கா வீடெல்லாம் சாம்பிராணி போட்டார். சாம்பிராணிக்குள்ளாலும் அது மணந்தது.

"உனக்கு மணக்கேல்லையா வதனா?" என்று என்னிடமும் ஒரு நாள் கேட்டாள். எனக்கு அன்று தடிமன், மூக்கு இரண்டும் அடைத்துப்போயிருந்தது. "எனக்கு எதுவும் மணக்காது, தடிமன்," என்றேன். அது உண்மை. ஆனால் அவள் கேட்டு முடித்தபோது அக்கா எனக்குப் பின்னால் வந்து நின்ற வேகத்தை நான் மறக்கவில்லை. அன்று பின்னேரமே நான் அவரைத் தாழ்வாரத்தில் வைத்துப் பிடித்தேன். நல்லாகவே பேசினேன். அந்தப் பெண்ணுடைய மூக்கை நீங்கள் பறிக்கிறீர்கள், பிறகு மூளையையும் பறிக்கப் போகிறீர்கள் என்றேன்.

"நான் எப்படிக் கா சொல்லுவன்?" என்றார். அவருடைய வாய் கோணிக்கொண்டு வந்தது. "உன்ட புருசன எரிச்ச எண்ணெயும் என்ட, நீ படுக்கிற கட்டிலுக்குக் கீழ நிக்கிற எண்ணெயும் என்ட எண்டு சொல்லுவனா?"

"அப்ப தாங்கியைக் கழட்டி எறியுங்கோ."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாவி இருந்தது. கழற்றவும் முடியாது, சொல்லவும் முடியாது. நான் பஸ்ஸுக்குப் போய்விட்டேன். கோபத்தில் அந்த மாதம் முழுக்க அங்கே போகவே இல்லை.

அந்த மாதத்தில்தான் டொக்டரிடம் போயிருக்கிறார்கள். தவமலருக்கு இங்கிலிஸ் போதாது, அக்காதான் கூடப் போய் மொழிபெயர்த்தார். டொக்டர் பொறுமையாகக் கேட்டாராம். அவளுக்கு என்ன நடந்தது, வீடு எப்படி எரிந்தது, எல்லாம் கேட்டாராம். பிறகு ஒரே ஒரு கேள்வி. வீட்டிலிருக்கிற வேறு யாருக்காவது இந்த மணம் வருகிறதா?

அக்கா அதைத் தங்கச்சிக்குத் தமிழில் சொல்லாமல், தானே பதில் சொன்னார். "நோ டொக்டர். நோபடி."

பிறகு டொக்டர் என்ன செய்வார்? பெரும் துயரம் கண்டவர்களுக்கு இல்லாத மணம் வருவதுண்டு என்று ஆறுதலாகச் சொல்லிக் குளிசை எழுதிக் கொடுத்தார். தவமலர் குளிசையைப் போட்டாள். மணக்கிறது என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். நான் கோபம் தீர்ந்து திரும்பிப் போனபோது, பகிடி சொல்லும் அந்தப் பெண் இல்லை. சன்னலோரம் இருந்து, கேட்டால் மட்டும் ஓம் என்றும் இல்லை என்றும் சொன்னாள்.

"எனக்கு மண்டை பிழைச்சுப் போச்சு வதனா," என்றாள் மெதுவாக. "மணக்குது. ஆனா அது இல்லையாம். நீ நெருப்பைத் தொட்டுப்போட்டு, சுடுது, ஆனா சுடேல்லை எண்டு எப்பவாவது நினைச்சிருக்கிறியே?"

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது, பிறகு மீண்டும் ஓடியது. எப்படியும் அன்று சொல்லிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். சொல்லவில்லை.

மாசி மாதத்தில் ஒரு கடும் குளிர் வந்தது. அஜக்ஸில் பல வீடுகளில் தண்ணீர்க் குழாய் உறைந்துபோயிற்று. அக்காவின் வீட்டிலும்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை, நான் அங்கே நின்றேன். வீரக்குட்டி அண்ணை ஓவர்டைம் வேலைக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு வாளித் தண்ணீர் வாங்கிச் சமைத்துக்கொண்டிருந்தோம்.

"ஏனக்கா பக்கத்து வீட்டில கேக்கிறியள்? கீழ தாங்கியில தண்ணி இருக்குத்தானே?" என்றாள் தவமலர்.

அக்கா திரும்பாமலே, "அது துருத்தண்ணி. குடிக்கேலாது," என்றார். ஒரு பொய்க்கு முண்டு கொடுக்க இன்னொரு பொய்.

அக்கா மிளகாய் பொரிப்பதற்குத் தாச்சியில் எண்ணெய் வைத்திருந்தார். இந்தக் கதையில் எங்கே பார்த்தாலும் எண்ணெய்தான், நான் என்ன செய்ய? பேச்சில் அதைக் கவனிக்கவில்லை. படாரென்று ஒரு சத்தம். தாச்சியிலிருந்து நெருப்பு ஆளுயரத்துக்கு எழும்பியது. சன்னல் சீலையில் பற்றிக்கொண்டது. குசினி முழுக்கப் புகை.

நான் கத்தினேன். அக்கா சீலையைப் பிடித்து இழுத்து விழுத்திக் காலால் மிதித்தார். அவருடைய கை எரிந்துகொண்டிருந்தது அவருக்கே தெரியவில்லை. வாளிகளில் ஒரு துளி தண்ணீர் இல்லை. நான் தாச்சிக்கு மூடி தேடி அலுமாரி அலுமாரியாக இழுத்து எறிந்தேன். தவமலர் எங்கே என்று அந்த நேரத்தில் யாரும் பார்க்கவில்லை.

பேஸ்மென்ட் படியில் காலடி கேட்டது. தவமலர் இரண்டு கையாலும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். நிறைந்த வாளி. படியெல்லாம் தளும்பித் தளும்பி வந்தது. முகம் விறைத்துப்போயிருந்தது. எரிகிற ஒரு வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவர நாலு வருடமாகக் காத்திருந்தவளின் முகம் அது. அடுப்புக்கு நேரே வந்தாள். வாளியை உயர்த்தினாள்.

"ஊத்தாத மலர்!" அக்காவிடமிருந்து அப்படி ஒரு குரல் வந்ததை நான் அதற்கு முன்பும் கேட்கவில்லை, பின்பும் கேட்கவில்லை. "ஊத்தாத! அது எண்ணெய்! எண்ணெய் மலர், அது எண்ணெய்!"

தவமலர் வாளியை உயர்த்தியபடியே நின்றாள். அந்தக் கணத்தில் என் கையில் ஒரு பேக்கிங் தட்டு அகப்பட்டது. தாச்சியின் மேல் தள்ளிவிட்டு அடுப்பை நிறுத்தினேன். நெருப்பு தட்டுக்குக் கீழே முனகி அடங்கியது.

தவமலர் வாளியை மெல்லத் தரையில் வைத்தாள். சாயம் போட்ட அந்த எண்ணெய் துருத்தண்ணிபோல லேசாகச் சிவந்திருந்தது. அவள் அதற்குள் கையை விட்டு, எடுத்து, மோந்து பார்த்தாள்.

"மணந்தது," என்றாள். "கீழ வாளியை வைக்கேக்கயே மணந்தது. எனக்கு எப்பவும் மணக்கிறதுதானே எண்டு தூக்கிக்கொண்டு வந்தன்."

அக்கா அப்படியே தரையில் குந்திவிட்டார். அப்போதுதான் பேஸ்மென்டிலிருந்து வந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. அவசரத்தில் அவள் பைப்பைப் பூட்டாமல் வந்திருக்கிறாள். எண்ணெய் சீமெந்தில் விழுந்து ஓடிக்கொண்டிருந்தது. தவமலர்தான் போனாள். மண்ணெண்ணெய்ப் போத்தலைக் கண்டாலே வாந்தி எடுக்கிற பெண், வெறுங்காலோடு அந்த எண்ணெய்க்குள் இறங்கி நடந்து பைப்பைப் பூட்டிவிட்டு வந்தாள். வந்து கதிரையில் இருந்தாள். முகம் தெளிந்திருந்தது. அது எனக்கு நெருப்பைவிடப் பயமாக இருந்தது.

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்லை," என்றாள். பிறகு சிரித்தாள். சிரித்தபடியே கண் நிறைந்தது. "எனக்குப் பைத்தியம் இல்லை, என்ன வதனா?"

"இல்லையடி," என்றேன்.

அக்கா அவளுடைய காலைப் பிடித்தார். எரிந்த கையாலேயே பிடித்தார். நாயகி என்றார், தகரம் என்றார், ஒரு போத்தல் என்றார், ஒன்றும் கோர்வையாக வரவில்லை. தவமலர் குனிந்து, அந்தக் கையைத் தன் காலிலிருந்து எடுத்து, மடியில் வைத்துப் பார்த்தாள். தோல் உரிந்திருந்தது.

"எண்ணெய் வைச்சிருந்தது எனக்குக் கோவமில்லை அக்கா," என்றாள். "நாயகிக்காக வைச்சிருந்தியள். அந்தத் தகரத்துக்கும் நான் உங்களை ஒரு நாளும் நோகேல்லை. டொக்டர் கேக்கேக்க இல்லையெண்டு சொன்னியளே. அந்த இங்கிலிஸ் எனக்கு விளங்கினது. எனக்கு அவ்வளவு இங்கிலிஸ் தெரியும். அதை நம்பித்தானே நான் குளிசை போட்டனான்."

அடுத்த நாள் அவள் என்னோடு பார்க்டேலுக்கு வந்துவிட்டாள். எங்கள் கட்டடத்தில் ஒரு அறை கிடைத்தது. பள்ளிக்கூடக் குசினி ஒன்றில் வேலையும் கிடைத்தது. பகிடி மெல்லத் திரும்பி வந்தது. ஆனால் அக்காவிடமிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டாள். நான் எடுத்து, நல்லா இருக்கிறாள் என்று சொல்லி வைப்பேன். அக்காவும் வேறு எதுவும் கேட்க மாட்டார்.

ஆனி மாதம் அக்கா என்னிடம் ஒரு செய்தி சொன்னார். தாங்கியைக் கழற்றிவிட்டாராம். காஸுக்கு மாறியாயிற்று, நீலக் கான்களும் போய்விட்டன, வீட்டில் ஒரு சொட்டுக் கிடையாது. தங்கச்சியை ஒரு தரம் வந்து பார்க்கச் சொல்ல முடியுமா என்று கேட்டார். பத்து வருடத்தில் முதல் தடவையாக அந்த மனுசி கையிருப்பு இல்லாத வீட்டில் படுத்தெழும்புகிறார் என்று எனக்கு விளங்கியது. வீரக்குட்டி அண்ணை பிறகு சொன்னார், அக்கா ஒவ்வொரு நாளும் கீழே போய் அந்த வெறும் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறாராம்.

தவமலர் யோசித்தாள். பிறகு சரி என்றாள். பிக்கரிங்வரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் போனோம்.

அக்கா வாசலில் நின்றார். மெலிந்துபோயிருந்தார். ஒருவரையொருவர் கட்டிப்பிடிக்கவில்லை. நேரே கீழே கூட்டிக்கொண்டு போனார். தாங்கி நின்ற இடம் வெறுமையாக இருந்தது. சுவருக்குப் புது வெள்ளை. தரையைக் கழுவிக் கழுவித் தேய்த்திருந்தார், சவர்க்கார வாசம் வந்தது. வீரக்குட்டி அண்ணை படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தவமலர் நடுவில் போய் நின்று, கண்ணை மூடி, மூச்சை இழுத்தாள்.

"இன்னும் மணக்குது," என்றாள்.

அவள் சொன்னது சரிதான், எனக்கும் மணந்தது. சீமெந்து குடித்த எண்ணெய் அவ்வளவு லேசில் போகாது. ஆனால் அக்காவுக்கு அந்த ஒரு சொல் எப்படி இருந்திருக்கும்? எல்லாவற்றையும் கொடுத்து, தன்னுடைய பிள்ளைக்குச் சொன்ன வாக்கையும் கொடுத்து, தங்கச்சி வந்து நின்று சொன்னது அது. இல்லை என்று சொல்ல அவருடைய வாய் திறந்தது. பழகிய வாய். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அக்கா வாயை மூடினார். முழங்காலிட்டு, தரையோடு முகத்தை வைத்து மோந்து பார்த்தார். ஒரு இடத்தில், பிறகு இன்னொரு இடத்தில். நெடுநேரம் மோந்தார். பிறகு அப்படியே தரையைப் பார்த்தபடி, "ஓம் மலர்," என்றார். "மணக்குது. எனக்கும் மணக்குது."

தவமலர் அவருக்குப் பக்கத்தில், அந்தத் தரையிலேயே இருந்தாள். இந்த நாட்டுக்கு வந்து ஒரு நாளும் அழாதவள், நவரட்ணத்தின் பேரைச் சொல்லி, அன்றுதான் வாய்விட்டு அழுதாள்.